பதினாலாம் பெட்டின் பிரஷர்

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்த ஆண்டு. இரவு இரண்டு மணி வாக்கில் ஸ்டாஃப் நர்ஸ் வந்து கதவைத் தட்டினார். "சார், பதினாலாம் பெட்டு அம்மாவுக்கு பிபி 220 பை 120. என்ன பண்ணட்டும்?"

காய்ச்சலும் சளியுமாக இரண்டு நாள் முன்பு சேர்ந்தவர். அறுபத்தைந்து வயது இருக்கும். போய்ப் பார்த்தேன். விழித்துக்கொண்டுதான் இருந்தார். "தூக்கம் வரல தம்பி" என்றார். நான் அதைக் காதில் வாங்கவில்லை. என் கண் முழுக்க கேஸ் ஷீட்டில் இருந்த எண்ணின் மேலேயே இருந்தது. "நிஃபெடிபின் ஒண்ணு நாக்குக்கு அடியில விட்ருங்க சிஸ்டர்" என்றேன். அப்போதெல்லாம் அந்த மஞ்சள் கேப்ஸ்யூல் நர்ஸின் தட்டிலேயே தயாராக இருக்கும். ஊசி முனையால் ஒரு குத்து, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பிதுக்கிவிட்டால் வேலை முடிந்தது. இருபது நிமிடம் கழித்து மறுபடி பார்த்தோம். 120 பை 70. சிவப்பு மையில் அதை எழுதிவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு போய்ப் படுத்தேன்.

காலை ரவுண்ட்ஸில் அந்த அம்மாவால் வலது கையைத் தூக்க முடியவில்லை. பேச்சு குழறியது.

சீஃப் கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. "ராத்திரி இவங்களுக்கு என்ன தொந்தரவு இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். "தொந்தரவுன்னு ஒண்ணும் இல்ல சார், பிபி மட்டும்தான் அதிகமா இருந்துச்சு" என்றேன். அவர் பேசாமல் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார். அந்தப் பக்கவாதம் நான் கொடுத்த மருந்தால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. அது இல்லாமலும் வந்திருக்கலாம். ஆனால் என்னால் வந்திருக்கலாம் என்ற எண்ணம் இத்தனை ஆண்டுகளில் என்னைவிட்டுப் போகவில்லை. இந்தக் கட்டுரையை எழுத வைப்பதும் அதுதான்.

நிஃபெடிபின் மோசமான மருந்தில்லை. 1970களில் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் நெஞ்சுவலிக்காகக் கொண்டுவந்த மருந்து அது. ரத்தக்குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்தும், அதனால் அழுத்தம் இறங்கும். இறங்குகிறது என்று கண்டதும் உலகெங்கும் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் அதை நாக்குக்கு அடியில் விடும் பழக்கம் பரவியது. வேடிக்கை என்னவென்றால், வாயின் உட்தோல் வழியாக அந்த மருந்து ஏறுவது, இல்லவே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. உமிழ்நீரோடு சேர்ந்து விழுங்கப்பட்டு, குடலில் போய்த்தான் மளமளவென்று ஏறுகிறது. அப்படி ஏறியபின் எவ்வளவு இறங்கும், எங்கே நிற்கும் என்பது கொடுத்தவர் கையில் இல்லை. இந்த அவசரப் பயன்பாட்டுக்கு அனுமதி கேட்டபோது 1985இலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு மறுத்துவிட்டது. 1996இல் கிராஸ்மன், மெஸ்ஸெர்லி முதலியோர் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். இந்த முறையால் பக்கவாதம், மாரடைப்பு, மரணம் நேர்ந்த நோயாளிகளைப் பற்றி அதுவரை வெளிவந்த குறிப்புகளைத் தொகுத்து, இதை நிறுத்தியே ஆகவேண்டும் என்றார்கள். எங்கள் வார்டுகளில் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அந்தக் கேப்ஸ்யூல் ஓடிக்கொண்டிருந்தது. காரணம் எளிது. கண்ணெதிரே எண் இறங்குவதைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருந்தது.

எண் இறங்கினால் நல்லதுதானே, அது எப்படிக் கெடுதலாகும்? இதைப் புரிந்துகொள்ள ஒரு வாய்க்கால் மடையை நினைத்துக்கொள்ளலாம். ஏரியில் நீர் உயர்ந்து நிற்கும்போது மடையைப் பாதி அடைப்பார்கள். நீர் தாழ்ந்துவிட்டால் முழுக்கத் திறப்பார்கள். வயலுக்குப் போகும் தண்ணீர் ஒரே அளவாக இருக்கும். நம் மூளையின் சிறு ரத்தக்குழாய்கள் இந்த வேலையைத்தான் நொடிக்கு நொடி செய்கின்றன. அழுத்தம் ஏறினால் சுருங்கும், இறங்கினால் விரியும். உடல் எடையில் இரண்டு சதவீதமே உள்ள மூளை, இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறக்குறைய 15 சதவீதத்தை வாங்கிக்கொள்கிறது. அது ஏறாமல் இறங்காமல் வந்துகொண்டிருப்பது இதனால்தான்.

ஆனால் மடையை எவ்வளவு திறக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. முழுக்கத் திறந்தபின்னும் ஏரியில் நீர் இறங்கிக்கொண்டே போனால் வயல் காயும். ஆண்டுக்கணக்கில் உயர் அழுத்தத்தோடு வாழ்ந்தவரின் குழாய்ச் சுவர்கள் தடித்து, அவருடைய எல்லையே மேலே நகர்ந்துவிடுகிறது. டென்மார்க்கைச் சேர்ந்த ஸ்ட்ராண்ட்கார்ட் 1970களில் இதை அளந்து காட்டினார். அவர் பயன்படுத்தியது சராசரி அழுத்தம். கீழ் எண்ணோடு, மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால் ஏறக்குறைய அது வரும். அழுத்தநோய் இல்லாதவர்களுக்கு அந்தக் கீழ் எல்லை சுமார் 73. கட்டுப்படாத கடும் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குச் சுமார் 113. மருந்து எடுத்துக் கட்டுக்குள் வைத்திருந்தவர்களுக்கு 96 அளவில். கடைசி எண்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பொறுமையாக, மாதக்கணக்கில் மருந்து எடுத்தால் குழாய்கள் மெல்ல மெல்லப் பழைய நிலையை நோக்கித் திரும்புகின்றன என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 220 பை 120 என்றால் சராசரி 153. 120 பை 70 என்றால் 87. பதினாலாம் பெட்டு அம்மாவை இருபது நிமிடத்தில் 153இலிருந்து 87க்கு இறக்கியிருக்கிறேன். உறுப்புகள் உண்மையாகவே பழுதாகிக்கொண்டிருக்கும் நெருக்கடியில்கூட, முதல் ஒரு மணி நேரத்தில் பொதுவாகக் கால் பங்குக்கு மேல் இறக்கக்கூடாது என்கின்றன வழிகாட்டு நெறிமுறைகள். நெருக்கடி எதுவும் இல்லாத ஒருவருக்கு நான் நாற்பது சதவீதத்துக்கு மேல் இறக்கினேன்.

இதைப் படித்துவிட்டு யாரும் தங்கள் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடக்கூடாது. 1967இல் எட்வர்ட் ஃப்ரைஸ் என்ற அமெரிக்க மருத்துவர் தலைமையில் வெளிவந்த ஆய்வை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழ் அழுத்தம் 115 முதல் 129 வரை இருந்த 143 முன்னாள் படைவீரர்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 27 பேருக்குக் கடும் பாதிப்பு, மருந்து எடுத்தவர்களில் 2 பேருக்கு. ரத்த அழுத்தத்துக்கு மருந்து உயிர் காக்கும் என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவிய ஆய்வு அது. ஆனால் அதிலேயே இன்னொன்றும் இருக்கிறது. அந்த வேறுபாடு தெரிய ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு ஆயிற்று. ரத்த அழுத்தம் ஆண்டுக்கணக்கில் அரிக்கும் நோய். அதற்கு இரவு இரண்டு மணிக்கு எழுந்து இருபது நிமிடத்தில் தீர்வு காணவேண்டிய தேவை, சில நோயாளிகளைத் தவிர மற்றவர்களுக்கு இல்லை.

சரி, ஆஸ்பத்திரியில் ஏன் இத்தனை பேருக்கு பிரஷர் ஏறுகிறது? ஏறாமல் இருந்தால்தான் ஆச்சரியம். பக்கத்துக் கட்டிலில் முனகல், முகத்துக்கு நேரே எரியும் விளக்கு, கையில் குத்திய ஊசி, நாளைக்கு என்ன சொல்லப்போகிறார்களோ என்ற பயம். அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக் குழுமத்தின் பத்து மருத்துவமனைகளில் 2017இல் இதயநோய் அல்லாத காரணங்களுக்காகச் சேர்ந்த 22,834 பேரின் பதிவுகளைப் பார்த்தார்கள். நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரு முறையாவது மேல் அழுத்தம் 140ஐத் தாண்டியிருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரியவர். சர்க்கரைநோய்க் கால்புண்ணுக்காகச் சேர்ந்தவர். இரவில் 196 பை 108. ஹவுஸ் சர்ஜன் மாத்திரை எழுதப் பேனாவை எடுத்துவிட்டார். போர்வையை விலக்கி வயிற்றில் கை வைத்தேன். தொப்புளுக்குக் கீழே இளநீர்க் காயைக் கவிழ்த்து வைத்ததுபோல் உருண்டு நின்றது மூத்திரப்பை. "சாயந்தரத்திலிருந்து ஒண்ணுக்கு வரலீங்கய்யா, யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல" என்றார். பெண் நர்ஸ்களிடம் சொல்லக் கூச்சம். டியூப் போட்டதும் 900 மில்லி வந்தது. அரை மணி நேரத்தில் 152 பை 88. பிரஷர் மாத்திரையான அம்லோடிபினை எழுதியிருந்தால் மூத்திரப்பை அப்படியே வீங்கிக்கொண்டிருந்திருக்கும்.

எலும்பு முறிந்து படுத்திருப்பவருக்கு இரண்டாம் நாள் இரவு பிரஷர் ஏறி, கை நடுங்கி, வியர்த்துக்கொட்டினால் அவருடைய மனைவியைத் தனியே கூப்பிட்டுக் கேட்கவேண்டும். தினமும் குடிப்பவருக்குச் சட்டென்று நின்றுபோனதன் விளைவு அது. அவருக்குத் தேவை லோராசிபாம் வகை மருந்து. பிரஷர் மாத்திரை கொடுத்து எண்ணை மூடி மறைத்தால் வலிப்பு வந்தபிறகுதான் விஷயம் தெரியும். அறுவை சிகிச்சை முடிந்தவருக்கு வலி. இடைவிடாமல் சலைன் ஏறுபவருக்கு அந்த உப்புத்தண்ணீர். மூச்சிரைப்புக்கு ஸ்டீராய்டு, மூட்டுவலிக்குப் போட்ட வலி மாத்திரை, இவையும் அழுத்தத்தை ஏற்றும்.

எங்கள் ஊர்ப்பக்கம் இவை எல்லாவற்றையும்விட அதிகமாக நான் பார்க்கும் காரணம் வேறொன்று. வீட்டு மாத்திரை நின்றுபோனது. 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டம் தொடங்கியபிறகு பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் பலருக்கு வீட்டு வாசலுக்கே வருகின்றன. ஆனால் ஆம்புலன்ஸில் ஏறும் அவசரத்தில் அந்தப் பையை யார் எடுத்து வருகிறார்கள்? பெயர் தெரியாது, "வெள்ளையா சின்னதா ஒண்ணு" என்பார்கள். மூன்று நாள் மாத்திரை இல்லாமல் கிடந்தவருக்கு அழுத்தம் ஏறும். அதைப் பார்த்துவிட்டுப் புதிதாக வேறு மாத்திரை எழுதுவோம். நாலாம் நாள் மகள் வீட்டிலிருந்து பையைக் கொண்டுவருவாள். இரண்டும் சேர்ந்து உள்ளே போகும். மறுநாள் விடியலில் கக்கூஸ் வாசலில் விழுந்து கிடப்பார்.

அளப்பதையும் சொல்லவேண்டும். 2024இல் வெளிவந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வொன்றில், கையை மேசையில் தாங்கி வைக்காமல் மடியில் வைத்து எடுத்தால் மேல் அழுத்தம் சுமார் 4, பக்கவாட்டில் தொங்கவிட்டால் சுமார் 6.5 கூடுதலாகக் காட்டியது. மிகப் பருமனான கைக்கு, சுற்றிக் கட்டும் பட்டையான கஃபைச் சாதாரண அளவில் கட்டினால் 19.5 வரை கூடும் என்றது அதற்கு முந்தைய ஆண்டு வந்த இன்னொன்று. எத்தனை வார்டுகளில் பெரிய கஃப் இருக்கிறது? நாற்பது நோயாளிக்கு ஒரே கருவியை வைத்துக்கொண்டு ஓடும் நர்ஸைக் குறை சொல்லி என்ன பயன்? ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்து எடுக்க அவருக்கு நேரம் கொடுத்திருக்கிறோமா என்று நிர்வாகத்தைத்தான் கேட்கவேண்டும்.

வார்டில் எஸ்ஓஎஸ், அதாவது 'தேவைப்பட்டால் கொடு' என்று ஒரு வழக்கம். "பிபி 160க்கு மேல் போனால் அம்லோடிபின் 5 எஸ்ஓஎஸ்" என்று மாலையிலேயே எழுதி வைத்துவிட்டால் இரவில் யாரும் எழுப்பமாட்டார்கள். இதில் உள்ள பிழை அம்லோடிபினின் குணத்திலேயே இருக்கிறது. விழுங்கியபின் ரத்தத்தில் அது உச்சத்துக்கு வர 6 முதல் 12 மணி நேரம் ஆகும். உள்ளே போனதில் பாதி வெளியேற 30 முதல் 50 மணி நேரம். அதன் முழு பலன் நிலைபெற ஒரு வாரம். அவசரமே இல்லாத மாத்திரை அது, அதனால்தான் நாள்பட்ட சிகிச்சைக்கு அவ்வளவு நல்லது. இரவு இரண்டு மணிக்கு 178ஐப் பார்த்துக் கொடுத்தது, காலையில் வழக்கமான மாத்திரைகளோடு கைகோத்துக்கொண்டு வேலைசெய்யும். மூன்று மணிக்கு அழுத்தம் இறங்கியிருந்தால் அது மாத்திரையால் இறங்கியதில்லை. பெரும்பாலும் தானாகவே இறங்கியது.

கிளீவ்லண்ட் ஆய்வுக்குத் திரும்பி வருகிறேன். மருந்து கொடுக்கப்பட்டவர்களையும், அதே நிலையில் இருந்தும் கொடுக்கப்படாதவர்களையும் ஒப்பிட்டார்கள். சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்டது முதல் குழுவில் 10.3 சதவீதம், இரண்டாவதில் 7.9 சதவீதம். இதயத்தசைப் பாதிப்பு 1.2க்கு 0.6. எந்த அழுத்த அளவை எடுத்துப் பார்த்தாலும் மருந்து பெற்றவர்கள் நலமாக இருந்ததாகத் தெரியவில்லை. இது பதிவேடுகளைப் பார்த்துச் செய்த ஆய்வு. அதிக நோய்வாய்ப்பட்டவர்களுக்குத்தான் மருந்து கொடுத்திருப்பார்கள் என்று ஒருவர் வாதிடலாம், அதில் நியாயமும் உண்டு. ஆனாலும் உடலியல் சொல்வதும் இதுவும் ஒரே திசையில் போகின்றன. சிறுநீரகத்துக்கும் மூளையைப்போலவே மடை உண்டு. இதயத் தசைக்கு ரத்தம் பெரும்பகுதி போவது இதயம் விரியும் நேரத்தில், அதாவது கீழ் அழுத்தத்தின் பலத்தில். அதைத் திடீரெனப் பறித்தால் அதுவும் காயும். 2024இல் அமெரிக்க இதயச் சங்கம் வெளியிட்ட அறிக்கையும் இதையே சொன்னது. உறுப்புப் பாதிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் காரணத்தைத் தேடுங்கள், வீட்டு மாத்திரையை மறுபடி தொடங்குங்கள், எண்ணைப் பார்த்து ஊசி போடாதீர்கள்.

உறுப்புப் பாதிப்பு இருந்தால் கதையே வேறு. அங்கே தயங்கினால் உயிர் போகும். நுரையீரலில் நீர் கோத்து மூச்சுக்குத் திணறுபவர், முதுகைப் பிளப்பதுபோல் வலித்து மகாதமனியின் சுவர் கிழிந்துகொண்டிருப்பவர், பார்வை மங்கிக் குழம்பிப் பேசுபவர், இவர்களுக்கு ஐசியூவில், சிரை வழியாக, ஏற்றவும் இறக்கவும் கூடிய மருந்து உடனே வேண்டும். கர்ப்பிணிக்கு 160 பை 110 நிலைத்து நின்றால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்கியிருக்கவேண்டும். பிரசவ வார்டில் அந்த எண்ணைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டதால் மூளையில் ரத்தம் கசிந்து இறந்த இளம் தாய்மார்கள் உண்டு. அவர்களுக்குக் கொடுக்கப் பரிந்துரைக்கப்படும் மருந்துகளில் ஒன்று விழுங்கக் கொடுக்கும் நிஃபெடிபின். நான் தவறாகப் பயன்படுத்திய அதே மருந்துதான்.

பக்கவாதத்தில் இது இன்னும் நுட்பமாகிறது. மூளையில் குழாய் அடைத்துக்கொண்டால், அடைப்பைச் சுற்றியுள்ள பகுதி உயர்ந்த அழுத்தத்தின் தயவில்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். அடைப்பைக் கரைக்கும் ஊசியோ கம்பி வழிச் சிகிச்சையோ திட்டத்தில் இல்லையென்றால் 220 பை 120 வரைகூடப் பொதுவாகக் கைவைப்பதில்லை. ஊசி போடுவதென்றால் 185 பை 110க்குக் கீழே கொண்டுவரவேண்டும். குழாய் வெடித்து ரத்தம் கசிந்திருந்தாலோ விரைவாக 140 அளவுக்கு இறக்குவது நல்லது. வெளியே இருந்து பார்த்தால் இரண்டு நோயாளியும் ஒன்றுபோலவே இருப்பார்கள், ஸ்கேன்தான் பிரித்துச் சொல்லும். சீனாவில் 2,404 நோயாளிகளுக்கு, ஸ்கேன் எடுக்குமுன் ஆம்புலன்ஸிலேயே அழுத்தத்தை இறக்கிப் பார்த்த ஆய்வு 2024இல் வெளிவந்தது. மொத்தமாகப் பார்த்தால் பலன் ஒன்றுமில்லை. பிரித்துப் பார்த்தபோது ரத்தக்கசிவு இருந்தவர்களுக்கு நன்மை, அடைப்பு இருந்தவர்களுக்குத் தீமை, இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சுழியமாகியிருந்தது.

வீட்டுக்கு அனுப்பும் சீட்டிலும் இந்த அவசரம் தொற்றிக்கொண்டு போகிறது. நிமோனியா, மூத்திரத் தொற்று போன்றவற்றுக்காகச் சேர்ந்த ஏறத்தாழ 15,000 முதிய அமெரிக்க முன்னாள் படைவீரர்களில் ஏழில் ஒருவர் கூட்டப்பட்ட பிரஷர் மருந்தோடு வீடு திரும்பினார். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சேர்வதற்கு முன் வீட்டில் அழுத்தம் கட்டுக்குள்தான் இருந்தது. தொடர்ந்து பார்த்ததில், முப்பது நாளுக்குள் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்தது மருந்து கூட்டப்பட்டவர்களில் 21.4 சதவீதம், கூட்டப்படாதவர்களில் 17.7 சதவீதம். ஓராண்டு முடிவில் இரு சாராரின் அழுத்தமும் ஒன்றே. அதனால் இப்போது என் சீட்டில் மாத்திரையைக் கூட்டுவதற்குப் பதில் பெரும்பாலும் இப்படி எழுதுகிறேன்: "இரண்டு வாரம் கழித்து, காய்ச்சல் இல்லாத நாளில், உட்கார்ந்து ஓய்வெடுத்துப் பிரஷர் பார்த்துக்கொண்டு வரவும்."

பதினாலாம் பெட்டு அம்மா அதன்பின் ஓராண்டுக்குமேல் புறநோயாளிப் பிரிவுக்கு வந்துகொண்டிருந்தார், மகள் தோளைப் பிடித்தபடி. ஆறு மாதத்தில் அவருடைய அழுத்தத்தை 140க்குக் கொண்டுவந்தோம், ஒவ்வொரு படியாக. ஒருநாள் வலது கையை என் முன்னால் நீட்டி விரல்களை மடக்கிக் காட்டினார். "இப்ப தோசை திருப்புறேன் தம்பி" என்றார். நான் அவரிடம் அந்த இரவைப் பற்றிச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை.

போன மாதம் ஓர் இரவு, ஹவுஸ் சர்ஜன் பெண் போன் செய்தாள்.

"சார், ஒன்பதாம் பெட்டு 190 பை 104."

"என்ன தொந்தரவு சொல்றாரு?"

"கேக்கல சார்."

"கேட்டுட்டு வாம்மா. நான் லைன்லயே இருக்கேன்."

செருப்புச் சத்தம் போய், வெகுநேரம் கழித்துத் திரும்பியது. "தலைவலி, நெஞ்சுவலி எதுவும் இல்ல சார். கை காலெல்லாம் நல்லா அசைக்கிறாரு. ஜன்னல் கண்ணாடி உடைஞ்சிருக்கு, குளிர்ல நடுங்கிட்டு இருந்தாரு. கட்டில நகத்திப் போட்டுப் போர்வை குடுத்திருக்கோம். வீட்டு மாத்திரை மூணு நாளா போடலியாம். அவர் மருமக காலைல கொண்டு வராங்களாம்."

"மறுபடி பாத்தியா?"

"168 பை 94 சார்."

"சரி. அந்த மாத்திரை என்னன்னு பாத்து, காலைல சீட்ல ஏத்திடு. ஜன்னலுக்கு எழுதிப்போட நாளைக்கு எனக்கு ஞாபகப்படுத்து."